சீட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு மூடி

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், ஆடு இரண்டும் சுகம், நம் ஆம்னி வேன் எல்லோரையும் விட அதிக சுகம். உன் அப்பாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்வருவாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்ட உடனே அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், எல்லாம் நல்லா இருக்குது என்று எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு வெண்ணிலா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

விழுப்புரம் டாக்டர் சொன்னது உனக்கே தெரியும். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் வந்த வழியே திரும்புகிறது, மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்து மாற்றிவிட வேண்டும், புதுச்சேரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். உன் அப்பாவும் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர் ஆயிற்றே, எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். புரிந்துதான் இருக்கிறது. மறுநாள் காலையிலேயே வேனில் டிரைவர் சீட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு இன்ஜினைத் திறந்துவிட்டார். என்னங்க இது என்று கேட்டால், வால்வைப் பார்க்கச் சொன்னார்களே, பார்க்கிறேன் என்கிறார். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது விக்கிரவாண்டி டோல்கேட்டிலேயே இறங்கிப் போய்விட்டது போலிருக்கிறது.

இதில் உன் பங்கும் இருக்கிறது, மறந்துவிடாதே. அப்பா மனசுக்கு ஒரு ஹாபி வேண்டும் என்று வீட்டிலேயே இன்ஜின் மூடிக்குப் பெயிண்ட் அடிக்கும் வீடியோவை அனுப்பியது யார்? வீடியோ போதாதென்று அங்கிருந்தபடியே ஆர்டர் போட்டு ஒரு சிவப்பு ஸ்ப்ரே டப்பாவும் வரவைத்தாய். அந்த மூடியை இங்கே மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்பார்கள், நீயும் உன் வீடியோவும் வால்வ் கவர் என்கிறீர்கள். அவருக்கு அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது. எப்போது புதுச்சேரி போகலாம் என்று கேட்டால், வால்வ் கவர் வேலை முடியட்டும் என்கிறார். வண்டி வெளியே துருப்பிடித்துப் பொத்தல் பொத்தலாக நிற்கிறது. அலங்காரம் மட்டும் சீட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஒரு மூடிக்கு. மகாராணிக்கு உள்பாவாடை தைக்கிற மாதிரி ஒரு மாதம் நடந்தது அந்த வேலை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். கம்பி பிரஷ்ஷால் சுரண்டினார். பிறகு என் பாத்திரம் தேய்க்கிற நார், அதற்குப் பிறகு நான் பாத்திரம் தேய்க்க நார் இல்லை. ஓரத்தில் பெயிண்ட் படக் கூடாது என்று, ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டக் கொடுத்த பிளாஸ்திரியைச் சுற்றிலும் ஒட்டினார். மாத்திரையைத் தவிர ஆஸ்பத்திரிப் பொருள் அவர் உபயோகித்தது அது ஒன்றுதான்.

நடுவில் ஒரு நாள் மெக்கானிக் பூமாலை ரப்பர் பேக்கிங் கொடுக்க வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அண்ணே, வால்வு உள்ள கீது. நீங்க மூடிக்குப் போயி பெயிண்ட் அடிச்சிக்கினு கீறீங்களே” என்றான். பாவம், அவன் வண்டியைத்தான் சொன்னான், அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. உன் அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் இத்தனை நாள் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவன் டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு வேலையை அப்படியே மூடி வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் மறுபடியும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போன வியாழக்கிழமை மாடியில் வைத்துப் பெயிண்ட் அடித்தார். நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, மூலைவாக்கில் ஒன்று, ஆக மூன்று தடவை. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டைக் கடலைக்கும் ஒரு தடவை, அது இலவசம். வெயில் போதாது என்று, என் தலையில் இருக்கிற நாலு முடிக்காக நீ அனுப்பிய டிரையரை எடுத்து அதற்குச் சூடு காட்டினார். பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கப் போனார். நான் போய்ப் பார்த்தால் மூடி முழுக்கச் சுருக்கம். இப்போதெல்லாம் அவருக்குக் கை நடுங்குகிறது, அதுவும் நீ போனில் பார்த்திருக்க மாட்டாய். ஒரு மாதம் பாடுபட்டுக் கெடுத்துக்கொண்டாரே, எழுந்து பார்த்தால் மனசு விட்டுவிடுவாரே என்று உப்புத்தாளை எடுத்து, அந்த உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் தேய்த்துப் பாதி மூடியை வழவழவென்று ஆக்கிவிட்டேன். அது சுருங்குவதற்கென்றே செய்த பெயிண்ட் என்று எனக்கு யார் சொன்னது? சுருக்கத்தையும் டப்பாவில் அடைத்து விற்பார்கள் என்று தெரிந்திருந்தால் என் முகத்தையே கொடுத்திருப்பேன், உனக்கும் தபால் செலவு மிச்சம்.

எழுந்து வந்து பார்த்தவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூடியைப் பார்த்தார், என் கையில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தார் ஜெசி. ஆனால் பாதியிலேயே மூச்சு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், உதடு நீலமாகப் போய்விட்டது. நான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவி, தெரிந்த செபமெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு திரும்பியது. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார், “சிரிக்கறதுக்கே மூச்சு பத்தல மேரி. நான் கழட்டனா திருப்பி மாட்டிடுவேன்னு எனக்குத் தெரியும். அவங்க என்னைக் கழட்டனா மாட்டுவாங்களான்னு பயமா கீது.” இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதி வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்குப் புதுச்சேரியில் சேர வேண்டும்.

மூடியை அப்படியே மாட்டிவிட்டார், பாதி சுருக்கம், பாதி வழவழப்பு. வண்டி நன்றாக ஓடுகிறது, எண்ணெய் கசியவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும், அப்பாவும் நானும் எப்போதும் உனக்காக வேண்டிக்கொள்கிறோம். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியில்தான் வருவாராம். தன்னால் ஓட்ட முடியாது என்று ஒத்துக்கொண்டார். பூமாலை ஓட்டட்டுமே என்றேன், கூடாதாம். ஜெசி வந்து ஓட்டுவாள் என்கிறார். சீட்டுக்கு நீ உட்காரத் தோதாகப் புது உறையும் போட்டுவிட்டார். லீவு கிடைக்காது என்றால் எனக்கு எழுதாதே, அவரிடம் நீயே சொல். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

என்றும் அன்புடன்,
உன் அம்மா
பி. லூர்துமேரி