வாசித்துக் காட்ட வேண்டாம் என்றேன்

மாசி 4. திங்கள்

காலையில் உறைபனி. குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. பென்சில் சீவியாயிற்று.

இந்த வயதில் பள்ளிக்கூட வாத்தியாரிடம் எழுத்துப் படிக்கிறேன். இன்று வாசித்தவை: தீப்பெட்டி. கடைக் காலண்டர். டிஸ்பென்சரிச் சுவரில் ‘இங்கே துப்பாதீர்’. முப்பது வருஷமாக அங்கேதான் துப்பியிருக்கிறேன்.

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேல் லயத்து வீடுகளுக்குத் தலைவர் நான், கீழே பணிய லயத்து வீடுகளுக்குக் கருப்பையா. (இனி க. என்றே எழுதுவேன். முழுப் பெயருக்குக் கை வலிக்கிறது.) தோட்டத் துரையின் கடுதாசி ஒன்றில் இருவரும் ஒப்பம் வைக்க வேண்டுமாம்.

கைநாட்டுக்காரர்களுக்கு வாசித்துக் காட்டாமல் மை தொட விடுவதில்லை, இந்தத் தோட்டத்து வழக்கம். பிரஜாவுரிமைக் கடுதாசிக்கு விரல் வைத்த அன்று கிளாக்கர் ஐயா இரண்டு தடவை வாசித்தார். இன்றும் வாசிக்க எடுத்தார்.

“வேணாங்கய்யா. எனக்குத்தான் எழுத்துத் தெரியுமே.”

“அட, படிச்ச மனுசன்! அப்ப நீரே பாத்துக் கருப்பையாவுக்கும் சொல்லும்.”

பார்த்தேன். நெருக்கமான எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினால் மத்தியானமாகிவிடும், அதற்குள் சிரித்துவிடுவார்கள். மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டித் தலையாட்டினேன். மு. வீரமுத்து. ‘மு’வின் வளைவு நன்றாக வந்தது.

க. என் முகத்தைப் பார்த்தான். “சரிதானேண்ணே?”

“சரிதான்டா.” விரலை வைத்தான்.

லயத்துக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷம்.

மாசி 9. சனி

வெயில். லாரி வந்தது. டிஸ்பென்சரி அலமாரி, இரண்டு கட்டில், பிள்ளை நிறுக்கும் தராசு, எல்லாம் ஏறின. மருத்துவச்சி அம்மாவும் முன்னால் ஏறி உட்கார்ந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. டிஸ்பென்சரி இனி மலையடிவாரத்துக் கீழ்ப் பிரிவில்தானாம். ஆறு மைல்.

வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை மட்டும் விட்டுவிட்டார்கள். பிள்ளை பிறந்தால் மருத்துவச்சி அதில் அடிப்பாள். பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு இரண்டு. மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர்கள் கை நிறுத்தி எண்ணுவார்கள். என் மூன்று பிள்ளைகளுக்கும் அடித்த தண்டவாளம்.

“எவன்யா சம்மதிச்சான்?” என்று பெண்கள் சத்தம். ஆபீஸ் கதவில் நகல் ஒட்டியிருக்கிறது என்றார் கிளாக்கர். போய் நின்று எழுத்துக் கூட்டினேன். வியர்த்தது. ‘டிஸ்பென்சரியை இங்கிருந்து எடுத்துவிட எங்களுக்குச் சம்மதம்.’ அடியில் என் பெயர். பக்கத்தில் க.வின் விரல்.

க.வின் மகள் ராமாயிக்கு இது ஒன்பதாம் மாதம்.

மாசி 11. திங்கள்

மூடுபனி. வெற்றிலை தீர்ந்தது.

குழாயடியில் கேட்டது:

“கருப்பையா கைநாட்டுப் பய. அவனுக்கு என்னா தெரியும்?”

“வீரமுத்து தாத்தா படிச்சவருல்ல, அவரு எப்புடி விட்டாரு?”

“அவருக்கு வேற கடுதாசியக் காட்டியிருப்பானுக.”

சாயந்தரம் க. வந்தான். “அண்ணே, நீ படிச்சது வேற. மாத்திப்புட்டானுக. வெள்ளிக்கிழமை கோயில்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணப் போறேன்.”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆமாடா” என்று வந்தது.

கிளாக்கர் ஐயா ஒரு தப்பும் செய்யாதவர். வாசிக்கிறேன் என்றுதானே சொன்னார்.

இன்று ஒன்றும் வாசிக்கவில்லை.

மாசி 14. வியாழன்

விடியும்போதே மழை. ராமாயிக்கு வலி. கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி நான்கு பேர் கீழ்ப் பிரிவுக்குத் தூக்கினார்கள். நானும் தோள் கொடுக்கப் போனேன்.

“நீ வேணாம்ண்ணே. ஒனக்கு வயசாச்சு” என்றான் க. அவனுக்கு என்ன வயது குறைவு? குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

மூன்றாம் மைலில், பாலத்தடியில் பிறந்தது. சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். பெண். ராமாயிக்கு ரத்தம் நிற்கவில்லை. ஒருவன் ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தான். இருட்டுமுன் “பொழச்சுக்குவா” என்றாள்.

மலையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரும் எண்ணவில்லை.

மாசி 15. வெள்ளி

மாரியம்மன் கோயில். இரண்டு லயமும் கூடிவிட்டது. க. குளித்து, ஈர வேட்டியோடு கற்பூரம் ஏற்றினான். அடித்து அணைக்கக் கையை ஓங்கினான்.

“அடிக்காதடா. கடுதாசிய யாரும் மாத்தல. நான் படிக்கல. படிச்ச மாதிரி நின்னேன்.”

அவன் கை ஓங்கியபடியே நின்றது. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி: “தாத்தாவுக்குப் பேரு எழுத வந்துருச்சுல்ல. நமக்கு அது போதும்.”

யாரோ சிரித்தார்கள். க. என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனான். ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

மாசி 17. ஞாயிறு

நல்ல வெயில். துரைக்கு மனு. டிஸ்பென்சரி திரும்ப வேண்டும் என்று. நேற்றும் இன்றும் எழுதி ஒரு பக்கம். ‘மருத்துவச்சி’ மூன்று தடவை அழித்து எழுதினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுதும்போது சந்தோஷமாகவே இருந்தது.

க. தானாக வந்தான். தரையில் உட்கார்ந்தான். “வாசி.”

வாசித்தேன். தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

“இன்னொரு தடவ.”

வாசித்தேன்.

“தண்டவாளத்த எழுதலியே?”

அதையும் எழுதி, அதையும் வாசித்த பிறகுதான் விரலை வைத்தான். நான் பேனாவை எடுத்தேன்.

“நில்லுண்ணே. ஒனக்கு யாரு வாசிச்சுக் காட்டுனா?”

“நான் எழுதுனதுதானடா இது.”

“அன்னைக்குப் பாத்ததும் இதே கண்ணுதான்.”

பேனாவை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டு போய்விட்டான். இதைப் பென்சிலில் எழுதுகிறேன். எனக்கு வாசித்துக் காட்டப் பள்ளிக்கூட வாத்தியார் நாளைக் காலைதான் வருவார். கையெழுத்துக்கு விட்ட இடம் அப்படியே கிடக்கிறது.