வாய்தா வேண்டாம்

என்றைக்கும் என்னிடம் எதிர்த்தரப்பு வக்கீலாகவே பேசும் உங்களுக்கு,

ஆஸ்பத்திரியில் நீங்கள் எனக்கு அறை போட்டிருப்பதாக டிரைவர் வந்து சொன்னார். எனக்கு என்ன நோயாம் என்று கேட்டேன். "அத ஐயா இன்னும் முடிவு பண்ணலீங்கம்மா" என்றார்.

நாளை நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. போலீஸ் பிடித்து வைத்தவரை வக்கீல் பார்க்கக் கூடாது என்று என் கட்சியே சட்டம் கொண்டுவருகிறது. நான் ஆதரிக்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம், படுத்துக்கொண்டால் போதும், அமைச்சர் பதவி தப்பும். வாய்தா வாங்கி வாங்கியே எந்த வழக்கிலும் தோற்காமல் இருப்பவருக்கு இதைவிட நல்ல யோசனை எப்படித் தோன்றும்?

நான் வக்கீலாக இருந்தபோது, பிடித்து வைத்திருந்த ஒரு தள்ளுவண்டிக்காரருக்காக போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேனே. "அவரப் பாக்காம எந்திரிக்க மாட்டேன்" என்று நான் கத்தியபோது டீயை நீட்டியவர் நீங்கள். "தொண்டைய நனைச்சுக்கிட்டு மறுபடியும் கத்துங்க" என்றீர்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குத்தான் ஊர் ஓட்டுப் போட்டது.

நாளை எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். என் வரிசையில் நான் மட்டும் கை தூக்கினாலும் சரி. ஆஸ்பத்திரி அறையை வீணாக்காதீர்கள், செய்தி கேட்டதும் உங்களுக்கே தேவைப்படும்.

நம் வீட்டு பீரோவில் தொங்கும் என் வக்கீல் கவுனைச் சலவைக்குப் போடுங்கள். அதை மாட்டிக்கொண்டு நான் வந்து நிற்க அந்த வீட்டில் இடமில்லை என்றால், இன்றே சொல்லிவிடுங்கள்.

அதற்கும் வாய்தா கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி,
நாளை மாலை வரை அமைச்சர்.