இரண்டு மாமன்களும் ஒரு கோமானும்

மே 28

குற்றால மலை காலையிலிருந்தே தெரியவில்லை. மேகம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பும் மூன்று பக்கம்தான். புதுச்சேரியில் முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவிட்டு, தென்காசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பழைய ராஜதந்திரி தன் கையாலேயே எழுதிய வாழ்க்கைக் கதையைத் தமிழாக்குகிறேன். கோமான் அர்மான். இருநூறு வருஷத்துக்கு அப்பால் வெள்ளைக் காலுறையோடு நடக்கிறார்; நான் பின்னாலேயே போகிறேன். சண்டை போட்ட ராஜாக்களை ஒரே மேசையில் உட்கார வைத்தவர்.

என் அண்ணன்களை உட்கார வைப்பாரா? இரட்டைப் பிள்ளைகள். ஆவுடைநாயகம் பத்து நிமிஷம் மூத்தவன். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போது இளையவன் கடற்கரை கேட்டான்: "ஏலே, பத்து நிமிஷத்துக்கு ஒரு அண்ணனா?" அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம்.

ஜூலையில் என் மகள் அபர்ணாவுக்குக் கல்யாணம். மேடையில் தாய்மாமன் இரண்டு பேரும் வேண்டும். இல்லையென்றால் எனக்கு அது கல்யாணமே இல்லை.

ஜூன் 2

பத்திரிகையில் யார் பெயர் முதலில்?

பெரியண்ணன் ஆலங்குளத்திலிருந்து போனில்: "எம் பேரு ரெண்டாவதா வந்துச்சுன்னா நான் ஆலங்குளத்தைத் தாண்ட மாட்டேன், பாத்துக்க."

சின்னண்ணன்: "மொதல்ல அவன் பேரா? அப்ப அவனையே வச்சு நடத்திக்கிடு."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை விலக்காமலே, "ரெண்டு பேரையும் விட்டுரு" என்றார். வாயில் நல்லா வருது எனக்கு.

ஜூன் 5

விடியற்காலைக் கனவு. மெயின் அருவிக்குப் போகும் வழியில் சாரல். கோமான் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காலுறையை மட்டும் கழற்றாமல் நிற்கிறார். "உடன்படிக்கையில் யார் பெயரை முதலில் போட்டீர்கள்?" என்றேன். வாய் அசைந்தது, அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

எழுந்து அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினால், பதில் அங்கே! இரண்டு பிரதி. அவரவர் பிரதியில் அவரவர் பெயர் முதலில். அடேயப்பா.

ஜூன் 6

அச்சகத்தில் இசக்கிசெல்வி திருதிருவென்று விழித்தாள். "ரெண்டு மாதிரியாக்கா? மாறிப்போனா என்னைய ஏசக்கூடாது."

ஆளுக்கொரு மாதிரியைப் போனில் அனுப்பினேன். இரண்டு பேருக்கும் சம்மதம்! மத்தியானம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன். ரசம் வற்றியதுகூடத் தெரியவில்லை.

ஜூன் 12

பாவி, மறந்தே போனேன்.

முதல் பத்திரிகை வடகரைப் பக்கம் எங்கள் பிறந்த வீட்டுக் குலசாமி சாஸ்தாவுக்கு. தாய்மாமன்கள் நிற்க, ஓர் எழுத்து விடாமல் சாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் வழக்கம். வேம்படியில் ஒருத்தன், கிணற்றடியில் ஒருத்தன், நடுவே நான். பூசாரி உரக்க வாசித்தார்: "தாய்மாமன்கள் ஆவுடைநாயகம், கடற்கரை..."

சின்னண்ணன் போனை எடுத்துப் பார்த்தான். நேராகப் பெரியண்ணனிடம் போய் நீட்டினான். "இங்கன பாரு. எனக்கு வேற மாதிரில்லா அனுப்பியிருக்கா."

பெரியண்ணனும் தன் போனை எடுத்தான். இரண்டு வழுக்கைத் தலையும் சேர்ந்து குனிந்தன. சேர்ந்தே நிமிர்ந்தன.

"ஏட்டி, எங்க ரெண்டு பேரையும் கிறுக்கனாக்குதியா?"

"சாமிகிட்டயே பித்தலாட்டமா?"

மாறி மாறி ஏசினார்கள். என்ன செஞ்சுட்டேன் நான்? புள்ளைக்காகத்தானே செஞ்சேன் — அழுதுகொண்டே வீடு வந்தேன்.

ஜூன் 13

சாரல். அபர்ணா முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 19

சின்னண்ணன் ஆலங்குளத்துக்கே போயிருக்கிறான், பெரியண்ணன் வீட்டுக்கு. என்னை ஏசத்தானாம். மத்தியானச் சாப்பாடும் அங்கேயாம்.

ஜூன் 25

கடைசி அத்தியாயம். சமாதானமான அன்று நகரமெல்லாம் விளக்கு. விருந்தில் கோமானுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. சூப் ஆறிப்போயிற்று என்று எழுதுகிறார், வேறொன்றும் எழுதவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

ஜூலை 7

கல்யாணம் முடிந்தது.

வந்தார்கள், ஒரே காரில். என்னிடம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அபர்ணா கழுத்தில் போட்டார்கள். யார் கை முதலில் என்று பார்த்தேன். ஓமப் புகையில் எல்லாம் கலங்கித் தெரிந்தது.

கடைசிப் பந்தி. தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சின்னண்ணன் குரல் கேட்டது.

"அண்ணே, அந்தக் கள்ளி சாப்பிட்டாளான்னு கேளு."

அண்ணே என்றான்.

இருவருக்கும் நடுவில் ஓர் இலை போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். ரசம் சூடாக இருந்தது.