சாப்பாட்டு மேசையில் நிற்கும் உங்கள் நீர்மூழ்கி

என் அன்பான, அழுத்தக்கார வீட்டுக்காரரே,

எடுத்த எடுப்பில் ஒன்று கேட்கிறேன். ஒரு மனுஷர் போகிற நேரத்தில் சாப்பாட்டு மேசை முழுக்கப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பரப்பிவைத்துவிட்டா போவார்? வருஷம் திரும்பிவிட்டது. இன்னும் நான் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். மேசை உங்கள் கப்பலுக்கு.

நீங்கள் கடற்படையை விட்டு வந்து, வங்கி வாசலில் காவலுக்கு நின்று, அந்த வேலையும் முடிந்தபோது நம் கவிதாதான் பெங்களூரிலிருந்து அந்தப் பொம்மைக் கப்பல் பெட்டியை வாங்கி அனுப்பினாள். "அப்பா இருந்த மாதிரி சப்மரின்மா. ஒக்காந்து ஒட்டட்டும், பொழுது போவும்" என்றாள். ஒட்டி முடித்தால் கட்டிலில் பாதிக்கு வரும். உங்கள் அண்ணன் காரிமங்கலத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஆயிரம் அடி போர் போட்டும் காத்துதான் வருது. இவனுக்குக் கப்பல் கேக்குதா?" என்று சிரித்தார். நீங்கள் பதில் சொல்லவில்லை. எதற்குத்தான் சொன்னீர்கள்?

நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர் என்று பேர். ஒகேனக்கல்லுக்குப் போனால் பரிசலில் மட்டும் ஏறமாட்டீர்கள். "உள்ள போறது பரவால்ல சரசு, மேல மிதக்கறதுதான் பயம்" என்பீர்கள். கடலுக்கடியில் என்ன வேலை என்று கேட்டால் "மெஷின்ல" என்ற ஒரு சொல். அதற்கு மேல் கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது." நானும் ஏதோ நாட்டு ரகசியம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் கவிதா போன் செய்தாள். "தெவசத்துக்கு எல்லாரும் வருவாங்க. அதைப் பெட்டியில போட்டு பரண்மேல வெச்சிரும்மா." எப்படிப் போடுவது? கப்பலின் வெளி ஓடு பாதி ஒட்டியிருக்கிறது, பாதி ஒட்டவில்லை. உள்ளே கட்டிலும் குழாயும் தொட்டால் உதிருகிற மாதிரி நிற்கின்றன. சரி, நாமே முடித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை தமிழில் உண்டா? படமும் அம்புக்குறியும்தான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டுகளை நகவெட்டியால் நறுக்கி, முள்ளுவாங்கியால் பிடித்து, பசை தொட்டு வைப்பதற்குள் அது பறந்து கட்டிலடியில் விழும். குனிந்து தேடினால் மூட்டு பிடித்துக்கொள்ளும். பசை நாற்றத்தில் தலைவலி. ஒரு நாள் சுக்கானை விரலோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் உங்களைத் திட்டினேன். மேல்தளத்துக் கம்பி வேலியை மூன்று முறை ஒட்டினேன், மூன்று முறையும் சாய்ந்தது. இதை எப்படி ஐயா பொறுமையாகச் செய்தீர்கள்? வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றச் சொன்னால் மூன்று மாதம் ஆக்கிய மனுஷர்!

அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து சேவியர் என்று ஒருவர் கூப்பிட்டார். உங்களோடு ஒரே கப்பலில் இருந்தவராம். நீங்கள் போன செய்தி அன்றைக்குத்தான் தெரிந்ததாம். அழுதார். நானும் அழுதேன். பிறகு, வந்த வாய்ப்பை விடுவானேன் என்று வீடியோவில் வரச் சொல்லி, கப்பலின் உள்பக்கம் போனைத் திருப்பினேன்.

"இங்க பாருங்கண்ணா, ரெண்டு கட்டிலுக்கு நடுவுல ஒரு சின்ன ரூம் இருக்குது. காயிதத்துல இருக்கற படத்துல இது இல்ல. கம்பியில, தகரத்துல அவராவே செஞ்சு வெச்சிருக்காரு. இதுக்கு என்ன பெயிண்ட் அடிக்கறது?"

அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நாள் அதையே வளைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னங்க அது என்று கேட்டதற்கு, "பம்பு" என்றீர்கள்.

சேவியர் அண்ணன் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "இது நம்ம கப்பல் இல்ல மதினி, வேற நாட்டுக் கப்பல். ஆனா அண்ணாச்சி உள்ள நம்ம கேலியத்தான் வச்சிருக்காரு" என்றார்.

"கேலியா? யாரை?"

"இல்ல மதினி, அடுப்படிய அங்க கேலின்னுதான் சொல்லுவோம். அந்தா பாருங்க, சப்பாத்திக்கல்லு, குக்கரு, கொழம்புச் சட்டி. அண்ணாச்சி அங்கனதான நிப்பாரு, எங்களுக்குப் பொங்கிப் போட்டுட்டு."

"அவரு மெஷின்ல இல்லீங்களா?"

"மெஷின்ல இருந்தது நானு. அண்ணாச்சி குக்குல்லா? ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம், எனக்குத் தெரியாது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். நாம் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடிக்கிற இடத்தில் அம்பது பேருக்கு மேல் சமைப்பீர்களாம். கப்பல் சாய்ந்தாலும் கத்தி சாயாதாம். புகை போக வழியில்லை என்று அடியில் இருக்கும்போது எண்ணெய்ச் சட்டியே வைக்கமாட்டீர்களாம். நான் தாளிக்கும்போதெல்லாம் வாசற்படியில் நின்று, "அடுப்பைக் கொறை, புகை வருது பாரு" என்று உயிரை வாங்கியது அதனால்தானா? நான் அதைத் திமிர் என்றல்லவா நினைத்தேன்?

பொண்ணு பார்க்க வந்தபோது உங்கள் அப்பா "பையன் மெஷின் வேலை" என்று சொல்லிவிட்டாராம். பிறகு மாற்றிச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை போய், ஆத்திரம் வந்தது. சொல்லாமல் விட்டதற்குக்கூட இல்லை. எனக்குக் கை முறிந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று மாதம் மாவுக்கட்டு. என் அக்கா கம்பைநல்லூரிலிருந்து வந்து வடித்துக் கொட்டினாள். அவள் குழம்பில் உப்பும் இருக்காது, புளியும் இருக்காது. அம்பது பேருக்குச் சமைத்த கை அன்றைக்குப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே! ஒரு டம்ளர் காபி? ஒரே ஒரு ரசம்?

நாலு நாள் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றுகூட எடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் அந்தச் சின்ன அடுப்படி தெரிந்தது. துவரம்பருப்பு அளவு குக்கர், அதற்கு ஒரு பிடி. கரண்டிகள் சாயாமல் இருக்க ஒரு கம்பி. கப்பலில் வேறு எதற்கும் நீங்கள் அவ்வளவு மெனக்கெடவில்லை. சொல்ல ஆசைப்பட்டிருக்கிறீர்கள். என்னைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தகரத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இப்படியும் ஒரு மனுஷரா என்று தலையில் அடித்துக்கொண்டு, திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தேன். சேவியர் அண்ணன் சொன்னபடி சுவருக்கு வெள்ளை, குக்கருக்கு வெள்ளி.

தெவசத்தன்று எல்லாரும் கப்பலைச் சுற்றி நின்றார்கள். உங்கள் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"தம்பி எங்கம்மா நின்னு மெஷின் ஓட்டுனான்?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். "மெஷின் இல்லீங்க மாமா. இதா, இங்க நின்னு சோறாக்குனாரு."

அவர் என் பக்கம் குனிந்து, "தெரியும்மா. நாலு பேரு இருக்கறப்ப அதை ஏன் பேசற?" என்றார். ஆக, அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"ஏன் மாமா பேசக்கூடாது? காத்துகூடப் போவாத எடத்துல நின்னு அத்தனை பேரு வயித்தை நெறைச்சிருக்காரு. இதுல என்னா வெக்கம்? வெக்கப்பட்டு வெக்கப்பட்டு எனக்கு ஒரு வாய் சோறு போடாமலே போயிட்டாரு."

கவிதா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் அண்ணன் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் பேத்தியைக் கூப்பிட்டு, "இங்க வா சாமி, ஒன் சின்னத் தாத்தன் சமைச்ச எடத்தைப் பாரு" என்று காட்டினார். அதைக் கேட்க நீங்கள் இல்லையே!

அடுப்படி இருக்கும் பக்கத்துக்கு நான் வெளி ஓடு ஒட்டப்போவதில்லை. கவிதா கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நான் அங்கே வந்து சேரும் நாளில் அடுப்பைத் தொடமாட்டேன். நீங்கள்தான் ஆக்கவேண்டும். நான் வாசற்படியில் நின்றுகொண்டு உப்புக் கம்மி என்பேன்.

இத்தனை வருஷம் ஒற்றைக் கையாய்ச் சமைத்துப் போட்ட
உங்கள் பெண்டாட்டி,
சரசு