நீலச் சட்டைக்குப் பக்கத்து இடம்

என் ஆசை மச்சாள் பவளம்,

சட்டை முடிந்துவிட்டது. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் ஏறி நிற்கிறது, கழுத்தும் கொஞ்சம் அகலம். ஆனாலும் சட்டைதான். தலையை விட்டால் தலை வருகிறது, கையை விட்டால் கை வருகிறது. களுவாஞ்சிக்குடி பஸ் நிலையத்தடியில் அப்பம் சுடுகிற சரசு, குரோஷே ஊசி பிடித்துப் பின்னினாள் என்று சொன்னால் நீ நம்புவாயா? நான் இன்னும் நம்பவில்லை.

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம். உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை ஏன் ஊர் வாசிக்க எழுதுகிறாய் என்று கேட்பாய். நீ அன்றைக்குப் போட்ட சபதத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் கொஞ்சப் பேரா? மிச்சக் கதையையும் அவர்கள் கேட்கட்டும்.

சனிக்கிழமைகளில் உன் மகள் துஷானிக்குப் புளியந்தீவு மைதானத்தில் கிரிக்கெட் பயிற்சி. காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு நானும் உங்களோடு தொத்திக்கொள்வேன். பஸ் நிற்க முன்னமே யன்னலுக்குள்ளால் உன் லேஞ்சி பறந்துபோய் ஆசனத்தில் விழும். யாராவது அதைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தால் றோட்டில் நின்றபடியே கத்துவாய். "அண்ணே, அதுல ஆள் இரிக்கு!" அங்கே கிடப்பது ஒரு துண்டுத் துணி. ஆனாலும் ஒருத்தரும் உன்னோடு வாதாடியதில்லை. லேஞ்சி விழுந்த இடம் ஆள் இருக்கிற இடம் என்பது நம்முடைய பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

மைதானத்தில் வாகை மரத்தடியில் உட்கார்ந்து நீ எந்நேரமும் எதையாவது பின்னிக்கொண்டிருப்பாய். அப்படி ஒருநாள்தான் சொன்னாய். "என்ட புள்ள நாட்டுக்கு ஆடுற அண்டைக்கு நான் நீலச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் போவன். கடைச் சட்டை இல்லகா, என்ட கையால பின்னினது. வெயிலுக்குக் காத்து பூரணும், நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு மஞ்சள் வரி கிடக்கணும்." பக்கத்தில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். களுதாவளைப் பிள்ளை ஒன்று நாட்டுக்கு ஆடுவதாவது!

ஒவ்வொரு ஓவர் தொடங்க முன்னமும் துஷானி ஒருமுறை உன் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நீ நிமிர மாட்டாய், குனிந்து பின்னலின் கண்களை எண்ணிக்கொண்டிருப்பாய். இதென்ன தாய், பிள்ளையைப் பார்க்காமல் நூலைப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல் வரும். பிறகு அவளிடமே கேட்டேன். "அம்மா பயப்பிடல்ல எண்டா நான் என்னத்துக்கு மாமி பயப்பிடணும்?" என்றாள். உனக்கு இது தெரியுமா? தெரிந்துதான் குனிந்திருந்தாயா?

நீ போன பிறகு அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். மரத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு ஓடிவருவாள், பந்து எங்கெங்கோ போகும். முப்பது பேரைத் தெரிவுசெய்து, அதில் பதினைந்து பேரைப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட இலங்கை அணிக்கு எடுக்க இருந்தார்கள். முப்பதில் உன் மகள் இருந்தாள். தெரிவு ஆட்டத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அப்பச்சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்: "மாமி, நான் விடப்போறன். அந்த மரத்தடிய என்னால பாக்க ஏலா."

எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை, உன்மேல். அரைகுறையில் விட்டுவிட்டுப் போனவள் நீதானே? அன்றைக்கே முடிவெடுத்தேன். அந்த மரத்தடியில் அவள் கண்ணுக்கு நீலமாக ஒன்று தெரிய வேண்டும். நீ பின்னாத சட்டையை நான் பின்னுவேன், போட்டுக்கொண்டு உன் இடத்தில் உட்காருவேன். ஊசி பிடிக்கத் தெரியாது, அதுதான் ஒரே குறை.

முதலில் வாங்கியதே பிழை. குழந்தைத் தொப்பி பின்னுகிற கம்பளி நூலை வாங்கி வந்தேன். பங்குனி வெயிலில் அதை மடியில் வைத்திருக்கவே ஏலாது, கழுத்தில் போட்டால் செத்தேன். திருப்பிக் கொண்டுபோய்ப் பருத்தி நூல் எடுத்தேன், நீலத்தில் ஏழு உருண்டை, மஞ்சளில் ஒன்று. மிச்சத்துக்கு நீ ஒருமுறை சொன்னது ஞாபகத்தில் இருந்தது. "ரெண்டு நீட்டுத் துண்டுகா. முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. தோளில தைச்சி நடுவுல தலைக்கு விடு, பக்கத்துல தைச்சி மேல கைக்கு விடு. சட்டை வந்திட்டு. இதுல என்ன பயம்?" உனக்கென்ன, சொல்லிவிட்டாய். நூலைப் பிடிக்கிற விதத்தைப் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பழகினேன். சூட்டில் காய்ந்த விரல் எனக்கு, நூல் போய்ப் போய் அதில் கொழுவும்.

நான் யாருடைய மகள் என்பது உனக்குத் தெரியும். வாவிக்கரையில் பிறந்து, சட்டை போடப் பழக முன்னமே வலை பொத்தப் பழகினவள். வலையில் முடிச்சை இறுக்காவிட்டால் மீன் போய்விடும், அப்பா மண்டையில் குட்டுவார். அந்தக் கை இந்த வயதில் மாறுமா? ஒவ்வொரு கண்ணையும் பல்லைக் கடித்து இறுக்கினேன். இரண்டாம் வரிக்கு ஊசி உள்ளே போகவில்லை. எப்படியோ குத்தி ஏற்றி ஒரு சாண் பின்னினால் துண்டு பலகை போல் தானாக எழுந்து நின்றது.

என் தம்பி வடிவேல் அதைத் தூக்கிப் பார்த்தான். "நல்ல வலைதான் அக்கா. ஈயம் கட்டித் தரட்டா?"

"போடா அங்கால!" என்றேன்.

அவன் போகவில்லை. நீலத்தையும் மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆருட நாட்டுக்கு அக்கா இந்த நிறம்?" என்று கேட்டான். அது பகிடி இல்லை. சண்டைக் காலத்தில் அவன் எதை இழந்தான் என்று உனக்குத் தெரியும், நீதான் அன்றைக்கு என் வீட்டில் வந்து சோற்றுக்கு உலை வைத்தாய். "என்ட மருமகள் பந்து போடுற நாட்டுக்கு" என்றேன். அவன் தோணிப்பக்கம் போய்விட்டான். பவளம், நாடு என்றால் என்னவென்று நான் இதற்கு முன் யோசித்ததே இல்லை. யோசிக்கிற நேரமெல்லாம் பயந்துகொண்டு இருந்துவிட்டோம், இல்லையா?

பெரிய ஊசி வாங்கினேன், நூலைத் தளர்த்திப் பிடித்தேன். பிறகு மளமளவென்று ஏறியது. முன்துண்டு இடுப்பிலிருந்து நெஞ்சு வரைக்கும் வந்த நேரத்தில்தான் துஷானி கண்டுவிட்டாள்.

"இது ஆருக்கு மாமி?"

"எனக்குத்தான். நீ பந்து போடக்குள்ள மரத்தடியில போட்டுக்கிட்டு இருக்க."

அவளுடைய முகம் மாறியது. "அம்மாட இடத்துல நீங்க இருக்கப் போறீங்களா?"

அந்த நேரத்தில் வாயை மூடியிருக்கலாம். என் வாய் எப்போது மூடியிருக்கிறது? "இருந்தா என்னடி? அந்த இடம் சும்மாதானே கிடக்கு" என்றேன்.

அவள் அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். இரண்டு சனிக்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிவிடப் போய் நானே தள்ளி விழுத்திவிட்டேன். மன்னித்துவிடு மச்சாள். இதை உனக்கு மறைத்து எழுத முடியாது.

ஆனாலும் பின்னுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் சொன்ன அந்தச் சொல்தானே கடைசிச் சொல்லாக நிற்கும்?

மூன்றாவது கிழமை அவளாகவே வந்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன், அவள் துண்டை எடுத்து நிலத்தில் விரித்தாள். "மாமி, இது சட்டையா, பட்டமா?"

அப்போதுதான் நானும் விரித்து வைத்துப் பார்த்தேன். இடுப்பில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். அது எனக்குத் தெரியாமலும் இல்லை, ஆனால் பொருட்படுத்தவில்லை. வலையென்றால் கயிற்றில் கட்டி இழுத்தால் சரியான அகலத்துக்கு வந்துவிடும். சட்டையும் இழுத்தால் வரும் என்றே நினைத்திருந்தேன்.

"இழுத்தா வரும்" என்றேன்.

"வராது. ஒவ்வொரு வரியிலயும் கடைசிக் கண்ண விட்டுட்டு விட்டுட்டுத் திரும்பியிருக்கீங்க. அது விளிம்புல ஒளிச்சிக்கிட்டு இரிக்கும். அம்மா அதுல ஒரு ஊக்குக் குத்தி வைப்பா. நான்தானே சின்னதுல பக்கத்துல இருந்து எண்ணிக் குடுக்கிற." சொல்லிக்கொண்டே ஊசியை உருவினாள், நூல் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

ஐயோ பவளம்! வலை முடிச்சென்றால் கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும். இது சரசரவென்று அவிழ்ந்து அவள் காலடியில் குவிந்தது. ஒரு மாத வேலை, தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் வெறும் நூல். "கையில அடி போடுவன், விடுடி!" என்று கத்தினேன். அவள் விடவில்லை. முழுவதும் அவிழ்ந்த பிறகுதான் நிமிர்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"திருப்பிப் பின்னுங்க. நான் எண்ணித் தாறன். நீங்க வாங்க மாமி, ஆனா அம்மாட இடத்துல இருக்காதீங்க. பக்கத்துல இருங்க."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அப்பம் வாங்க வந்தவர்கள் வாங்காமலே போனார்கள்.

இரண்டாம் தடவை பிழை வரவில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் ஊக்கு, ஒவ்வொரு வரிக்கும் துஷானியின் எண்ணிக்கை. வேலை முடிந்து வந்து இருந்து பின்னினேன்: நெஞ்சு மட்டத்தில் நீ கேட்ட பட்டைக்கு மஞ்சளில் நாலு வரி, பிறகு திரும்ப நீலம். அவள் பயிற்சிக்கும் திரும்பப் போனாள். ஆனால் மரத்தடிப் பக்கம் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

தெரிவு ஆட்டம் நம்முடைய மைதானத்திலேயே நடந்தது. கழுத்து ஓரம் இன்னும் முடியாத சட்டையைப் போட்டுக்கொண்டு, நூலும் ஊசியும் தொங்கத் தொங்கப் போனேன். மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. உன்னுடைய இடத்துக் கதிரையில் லேஞ்சியை விரித்துவிட்டு மற்றதில் இருந்தேன். அன்றைக்குக் கூட்டம். ஒரு மனிதர் வந்து, "இதுல ஆரும் இரிக்காங்களா?" என்று கேட்டார். வாய் தானாகச் சொல்லிற்று: "ஓம். ஆள் இரிக்கு."

அவர் லேஞ்சியைப் பார்த்தார், தலையாட்டிவிட்டு அங்கால போனார்.

துஷானி பந்தை எடுத்தாள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. கழுத்து ஓரத்தை மடிக்குள் இழுத்துப் பிடித்து, உன்னைப்போலக் குனிந்து, கண் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். அவள் பார்த்தாளா இல்லையா என்று எனக்கெப்படித் தெரியும்?

பின்னால் வேலிக்கு வெளியேயிருந்து ஒரு குரல். "அக்கா, நிமிராத. பாக்கிறாள்." வடிவேல்! பட்டினத்துக்கு வலை நைலோன் வாங்க வந்தவனாம், அப்படியே எட்டிப் பார்த்தவனாம். "பாத்திட்டாள் அக்கா. ஓடிவாறாள்."

முதல் பந்திலேயே குச்சி பறந்தது. அப்போதும் நான் நிமிரவில்லை, ஆனால் எண்ணிக்கை பிழையாகிவிட்டது. கழுத்து அகலமாகப் போனதற்கு அதுதான் காரணம். அதை அவிழ்த்துத் திருத்தப் போவதும் இல்லை.

நேற்றுப் பட்டியல் வந்தது. உன் மகள் அதில் இருக்கிறாள், பவளம். அடுத்த மாதம் கொழும்பில் முதல் ஆட்டம். வடிவேல் என்னிடம், "ரீவியில காட்டுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, "சும்மா கேட்டன்" என்றான். இப்போது அவனும் வருகிறான்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எந்த ஊரில் பந்து போட்டாலும் நான் இந்தச் சட்டையோடு வருவேன். இது கிழிந்தால் இன்னொன்று பின்னுவேன், இப்போது தெரியும்தானே. உன் இடத்தில் ஒருநாளும் உட்கார மாட்டேன், மற்றவரை உட்கார விடவும் மாட்டேன். கொழும்பில் சிங்களத்தில் கேட்பார்கள் என்று துஷானி எனக்குப் பதிலைச் சொல்லித் தந்திருக்கிறாள். அப்பம் சுடும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பழகுகிறேன். லேஞ்சியைக் காட்டி, நிமிர்ந்து நின்று, சத்தமாகச் சொல்வேன்: "கெனெக் இன்னவா."

ஆள் இரிக்கு.

உன் பக்கத்துக் கதிரையில் இருந்து,
உன் மச்சாள், துஷானியின் மாமி,
சரசு