இடக்கை முறுக்கு

பெஷ்ட்,
1884 மார்ச் 3

அன்புள்ள கோர்னேலுக்கு,

எடெல்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். வியன்னாவில் உங்கள் பழம்பொருள் கடை நன்றாக ஓடுவதாக உங்கள் தங்கை வில்மா சொன்னாள். எனக்கு எழுத உங்களுக்கு நேரமில்லை போலும்.

ஞாயிறன்று அவளோடு வெள்ளிக் கண்காட்சிக்குப் போனேன். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் என் கிண்ணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன், மலைநாட்டுத் தேவாலயம் ஒன்று கேட்டதாகச் சொல்லி என்னிடம் செய்து வாங்கிப்போனீர்களே, அதேதான். அட்டையில், 'நானூறு ஆண்டுப் பழமை, பிரபு குடும்பத்துச் சொத்து, செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் இடக்கைக்காரி. இரண்டு வெள்ளி இழைகளை நான் முறுக்கினால் புரி எதிர்ப்பக்கம்தான் விழும். அந்தக் கம்பியைப் பூவிதழாக வளைத்துப் பற்றவைத்து, உள்ளே கண்ணாடிப் பொடி நிரப்பிச் சூளையில் வைத்தது நான். அங்கே ஒவ்வொரு பூவிலும் புரி எதிர்ப்பக்கம். என் கை எனக்குத் தெரியாதா?

"என்ன அண்ணி, கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க? எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் வில்மா.

கண்காட்சிப் பொறுப்பாளர் பாலாஷிக்கு ஒரு வரி எழுதுங்கள்: 'இது என் மனைவி செய்தது.' நம் பட்டறையில் பதினொரு வருடம் உழைத்தேன். ஒரு கரண்டியில்கூட என் முத்திரை கிடையாது.

உங்கள்
எடெல்கா

வியன்னா,
மார்ச் 9

என் கண்ணான எடெல்,

உன் கடிதம் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரபுவிடம் அதை விற்றவன் நான். ஏமாந்தோம் என்று அவருக்குத் தெரிந்தால் எனக்குச் சிறைதான். பெரிய படிப்பாளிகளெல்லாம் நானூறு வருடம் என்று நம்புகிறார்களே, அதைவிடப் பாராட்டு உனக்கு வேண்டுமா?

ஈஸ்டருக்கு வருகிறேன். உனக்கு நரித்தோல் கழுத்துப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். எனக்குக் கசகசா ரொட்டி சுட்டு வை. அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதே, செல்லம்.

உன் கோர்னேல்

பெஷ்ட்,
மார்ச் 24

அன்புள்ள கோர்னேலுக்கு,

வாயைத் திறந்துவிட்டேன். பாலாஷியை நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லிப் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்தார்.

"இந்தப் புரியைப் பாருங்கம்மா. இடக்கைக்காரன்! அந்தக் காலத்துல இப்படி ஒரு ஆசான் இருந்திருக்கான். அவனைப் பத்தித்தான் புத்தகம் எழுதிக்கிட்டிருக்கேன்."

"அந்த இடக்கை இதுதாங்க ஐயா" என்று என் கையை நீட்டினேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, உங்க வீட்டுக்காரர் எழுதித் தரட்டும், பாக்கலாம்" என்றார்.

சிறைக்குப் பயமென்றால் பழியை என்மேல் போடுங்கள். உங்களையும் ஏமாற்றி விற்க வைத்தவள் நான்தான் என்று எழுதுங்கள், சிறைக்கு நானே போகிறேன். எனக்கு அந்த அட்டையில் பெயர் வேண்டும். எழுதினால் கசகசா ரொட்டி காத்திருக்கும். எழுதாவிட்டால் கதவு திறக்காது.

எடெல்கா

வியன்னா,
ஏப்ரல் 2

என் கண்ணே,

பாலாஷிக்கு எழுதிவிட்டேன். இனி உனக்கு ஒரு தொல்லையும் இராது. ரொட்டியில் கசகசா தாராளமாக இருக்கட்டும்.

உன் கோர்னேல்

பெஷ்ட்,
செப்டம்பர் 30

கோர்னேலுக்கு,

ஈஸ்டரன்று கால் மணி நேரம் கதவைத் தட்டினீர்கள். நான் உள்ளேதான் இருந்தேன். ரொட்டியும் சுட்டிருந்தேன், உங்கள் வார்த்தையை நம்பி. முந்தின நாள் பாலாஷிக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் எழுந்து நின்று, தண்ணீர் கொடுத்து, நீங்கள் எழுதியதை மெதுவாக வாசித்துக் காட்டினார். 'எங்கள் பெண்குழந்தை இறந்ததிலிருந்து என் மனைவிக்குச் சித்தம் சரியில்லை. காணும் வெள்ளியையெல்லாம் தான் செய்தது என்பாள். பொறுத்துக்கொள்ளவும்.'

கிண்ணத்துக்காக நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம், அது உங்கள் தொழில். செத்துப்போன நம் குழந்தை ஷாரியை அதற்குள் இழுக்க எப்படி மனம் வந்தது?

கோடை முழுதும் உட்கார்ந்து அதே மாதிரி இன்னொரு கிண்ணம் செய்தேன். அதே பூக்கள், அதே புரி. என் கல்யாணத் தங்க மோதிரத்தை உருக்கிச் சுத்தம் செய்து கிண்ணத்தின் உட்புறத்துக்கு முலாமாகப் பூசினேன். அடியில் என் முத்திரை, மிஹாலிக் என்ற என் பிறந்த வீட்டுப் பெயரின் எழுத்துகளோடு. போன வாரம் அதைப் பாலாஷியின் மேசைமேல் வைத்தேன். என் கையை நிரூபிக்க வேறு வழி தெரியவில்லை.

வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம்மா. இடக்கை ஆசானை இவ்வளவு கிட்ட வந்து யாரும் நகல் எடுத்ததில்லை. ஆனாலும் அவன் கை அவன் கைதான், பாருங்க!"

பிறகு அடியில் இருந்த முத்திரையை விரலால் தடவினார். "பழசுன்னு சொல்லி ஏமாத்தாம உங்க பேரைப் போட்டிருக்கீங்களே, அந்த நேர்மை போதும்" என்று என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

அவர் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். இனி எதைச் செய்தாலும் நான் அவனைப் பார்த்துச் செய்தவள்தான். மோதிரம் எங்கே என்று வில்மா கேட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

மிஹாலிக் எடெல்கா