என் கணவரின் இடது கால் குறித்த புகார்

அனுப்புநர்
'ரேடியோ' சலூன்காரரின் மனைவி,
பூட்டிக் கிடக்கும் சலூனுக்குப் பின்வீடு,
கடைத்தெருச் சந்து.

பெறுநர்
உயர்திரு வட்டாரச் சுகாதார அலுவலர் அவர்கள்,
வட்டாரச் சுகாதார அலுவலகம்.

பொருள்: வீடு தேடி வரும் செவிலியரை மாற்றும் உத்தரவை நிறுத்தக் கோருதல் – கால் புண் ஆறாமைக்கு அவர் பொறுப்பல்லர், என் கணவரே பொறுப்பு எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கணவரின் இடது கால் புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுப் போட்டுச் செல்லும் செவிலியரைத் தாங்கள் வேறு பகுதிக்கு மாற்றவிருப்பதாக அறிந்தேன். அவர் அனுப்பிய படங்களில் புண் சுருங்கவே இல்லை என்றும், ஆகவே அவர் சரியாகக் கட்டுவதில்லை என்றும் தாங்கள் முடிவு செய்ததாகத் தெரிகிறது. படங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தங்கள் மீது குறையில்லை. ஆனால் குற்றவாளி வேறு ஆள். அவர் இப்போது முன்னறையில் காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு, நான் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவதாக நினைத்து உட்கார்ந்திருக்கிறார்.

2. என் கணவர் முடிதிருத்தும் தொழில் செய்தவர். வாழ்நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்ததால் காலில் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே புண்ணாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். நின்றது உண்மைதான். ஆனால் கால் உழைத்ததைவிட வாய்தான் அதிகம் உழைத்தது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்றே பெயர். கழுத்தில் துணியைக் கட்டிப் பாதித் தலையை வெட்டிய பிறகு யாரும் எழுந்து போக முடியாது. அந்த வசதியை அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

3. புண் வந்ததும் கடையைப் பூட்டினோம். பழைய வாடிக்கைக்காரர்கள் தொடக்கத்தில் பார்க்க வந்தார்கள். பிறகு அவர்களுக்கும் தலைமுடி வளர்ந்தது, வேறு கடைக்குப் போனார்கள், அந்தக் கூச்சத்தில் இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்தது நான் ஒருத்தி. அவருடைய கதைகளை எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது உட்பட நான் மனப்பாடமாக அறிவேன். ஆகவே அவர் ஆரம்பித்தால் நான் முடித்துவிடுவேன். இது நல்ல பழக்கம் அல்ல என்று இப்போது தெரிகிறது. சில மாதங்களில் அவர் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதியை அனுபவிக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

4. அதன் பிறகுதான் தங்கள் செவிலியர் வரத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை காலையில் என் கணவரைத் தாங்கள் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் முகச்சவரம் செய்யச் சொன்னால் 'யாரு பாக்கப் போறாங்க' என்பவர், அன்று மட்டும் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்து இரண்டாம் முறையும் கத்தியை எடுப்பார். தேய்த்த சட்டை கேட்பார். செவிலியர் உட்காரும் முக்காலியைத் தாமே துடைத்து வைப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். நான் சிரித்துவிட்டுப் போகிறேன். அவர் கண் வைத்திருப்பது அந்தப் பெண்ணின் காதுகள் மேல் மட்டுமே.

செவிலியரோ வேலையில் ஒரு குறை வைப்பவர் அல்லர். பழைய கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, அளந்து, படம் எடுத்து, காலை விரலடியிலிருந்து முழங்கால் வரை ஒரே இறுக்கமாகச் சுற்றுவார். சுற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், 'அப்புறம் என்னப்பா ஆச்சு?' என்று கேட்பார். ஐயா, இந்த வீட்டில் அவரை அப்படி யாரும் கேட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது.

5. இப்போது குற்றத்துக்கு வருகிறேன். வாரம் முழுவதும் அந்தக் கட்டைத் தொடக்கூடாது. அரித்தாலும் சொறியக்கூடாது, மேலே தட்டிக்கொடுக்கலாம் என்பது செவிலியரின் கண்டிப்பு. கடந்த திங்கட்கிழமை மதியம் நான் கண்ணயர்ந்துவிட்டேன் என்று நம்பி, என் கணவர் தலையணைக்கு அடியிலிருந்து வால் சீப்பை எடுத்தார். வகிடு எடுக்கப் பயன்படும், பின்பக்கம் கூராக நீண்ட சீப்பு அது. அந்தக் கூர் முனையைக் கட்டுக்குள் நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, புண்ணின் ஓரத்தை நிதானமாகக் கீறினார். வந்தவர் யாருக்கும் ஒரு கீறல் விழாமல் சவரம் செய்த கை அது. பிறகு கட்டை முன்பிருந்தபடியே நீவிச் சரிசெய்துவிட்டார். தொழில் சுத்தம் அப்படி. அதனால்தான் செவிலியருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண் மருந்தை மாற்றுவதும், துணியை மாற்றுவதும், 'நான்தான் எங்கயோ தப்பு பண்றேன் போல' என்று தன்னையே நொந்துகொள்வதுமாக இருந்தது. மேற்படி சீப்பை நான் பறிமுதல் செய்து இம்மனுவுடன் இணைத்துள்ளேன். திருப்பி அனுப்ப வேண்டாம்.

6. மறுநாளே செவிலியரிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன். ஆனால் அவர் வரும்போதே முகம் சரியில்லை. படங்களில் புண் சுருங்காததால் தன்னை மாற்றுகிறார்கள், அடுத்த வாரம் வேறொருவர் வருவார் என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து கட்டுப் போட்டார். என் கணவர் அன்று ஒரு கதையும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவரை அந்தப் பெண்ணின் முன் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. செவிலியர் சென்ற பிறகு சீப்பை எடுத்து என் கணவர் முன்னால் வைத்தேன். 'இன்னும் ஆழமாப் போனா காலையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா?' என்று கேட்டேன். முதலில் அரிப்பு என்றார். பிறகு சீப்பைப் பார்த்துக்கொண்டே, 'ஆறிட்டா அந்தப் பொண்ணு வராதே' என்றார்.

ஐயா, நான் திட்டுவதற்கு நிறையச் சொற்கள் தயாராக வைத்திருந்தேன். சீப்பை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத் தன் காலைக் கொடுக்கத் துணிந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அது எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபத்தைவிட வேதனைதான் அதிகம். 'நான் பண்ணதுக்கு அது மாட்டிக்கிச்சு, நீ எழுதிப் போடு' என்று அவரே சொன்னார். அதை இன்று எழுதுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை; இத்தனை விவரமாக எழுதுவேன் என்று நிச்சயம் எதிர்பார்க்கவில்லை.

7. இதில் என் சுயநலமும் இருக்கிறது. அதை மறைத்து மனு எழுதுவது முறையல்ல. செவிலியர் வந்தால் நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவுவேன். எனக்குத் தெரியாத கதை என்று எதுவும் இருக்காது என்ற இறுமாப்பு எனக்கு உண்டு. ஒருநாள் செவிலியர், 'இந்தச் சந்துல ஏன்பா கடை போட்டீங்க, மெயின் ரோட்டுல போட்டிருக்கலாமே?' என்று கேட்டார். மெயின் ரோட்டில் நல்ல இடமே கிடைத்தது என்றும், ஆனால் இங்கே வாசலில் நின்றால் எதிர்வரிசைக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க வரும் ஒரு பெண் தெரிவாள் என்றும் அவர் சொன்னார். அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தவள் நான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அதை என்னிடம் சொன்னதில்லை. அன்று கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

8. ஆகவே கனிவோடு பரிசீலித்து ஆவன செய்யுமாறு வேண்டுவன:

(அ) செவிலியரை மாற்றும் உத்தரவை ரத்து செய்து, அவர் மீது எந்தக் குறையும் இல்லை என்பதை அவருக்கே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

(ஆ) புண்ணைச் சொறிந்தால் செவிலியர் வரமாட்டார், மருத்துவமனையில்தான் படுக்க வேண்டும் என்று தங்கள் முத்திரையுடன் என் கணவருக்கு ஓர் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். என் எச்சரிக்கைக்கு இந்த வீட்டில் மதிப்பு குறைந்து வெகுநாளாகிறது.

(இ) புண் ஆறியதும் வருகை நின்றுவிடும் என்பது விதி. அதை மாற்றச் சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் அவர் நின்ற கடையில்தான் நானும் நின்று கூட்டிப் பெருக்கினேன். என் வலது கணுக்காலும் வீங்கித் தோல் கறுத்துப்போயிருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்று இதுவரை யாரிடமும் காட்டவில்லை. இப்போது காட்டச் சம்மதிக்கிறேன். அடுத்த நோயாளியாக என் பெயரைப் பதிவு செய்து, அதே செவிலியரை அனுப்பிவைக்க வேண்டும். என் காலுக்கு அவர் கட்டுப் போடும்போது என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். என்னிடம் நேராக எதையும் சொல்லத் தெரியாத மனிதர். அந்தப் பெண்ணிடம் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சமையலறை
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
சலூன்காரரின் மனைவி